பட்டிக்கு அடியில்

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்வது நல்லது. பெரிய காந்தம் வேண்டாம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற சின்னது போதும். நல்ல தகரத்தில் வைத்தால் டக்கென்று பிடிக்கும். பட்டி என்கிற பசையைப் பூசி மறைத்த இடத்தில் பிடிக்காமல் வழுக்கிக் கீழே விழும். காந்தம் கைவசம் இல்லையென்றால் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம். தகரம் கணீர் என்று சத்தம் கொடுக்கும், பட்டி தொம்மென்று அடங்கிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் என் மெட்டடோர் வேனை விற்ற அன்று, வாங்க வந்த பையனை டீ, பேச்சு, பழைய கதை என்று வண்டியின் வலது பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன். பட்டி கனமாக இருந்தது இடது பக்கத்தில்.

மெட்டடோர் என்றால் இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எண்பதுகளில் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கும் திருப்பதிக்கும் போனவர்களுக்கும், பெண் பார்க்கப் பதினைந்து பேராகக் கிளம்பியவர்களுக்கும் தெரியும். வேன் என்று சொன்னாலே மெட்டடோர்தான் என்றிருந்த காலம் அது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து டெம்போ கம்பெனி உருவாக்கிய வண்டி. அந்தக் கம்பெனி கைமாறி ஹனோமாகிடம் போய், கடைசியில் மெர்சிடஸ்காரர்களிடம் சேர்ந்தது. இந்தியாவில் அதைச் செய்தது பஜாஜ் டெம்போ. 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே நிறுவனம். இந்த வண்டியில் இன்ஜின் இழுப்பது முன்சக்கரங்களை. அதனால் அடியில் முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும் நீளத் தண்டு கிடையாது. தரை தாழ்வாக, மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும். ஏறி இறங்கச் சுலபம், ஸ்ட்ரெச்சர் ஏற்றச் சுலபம், கட்டில் போடவும் சுலபம். இன்ஜின் மட்டும் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் ஒரு மூடிக்குள் உட்கார்ந்துகொண்டு, மே மாதத்தில் இடது முழங்காலை வேகவைக்கும்.

என்னுடையது 1986 மாடல். ஐம்பது வயது தாண்டிய வண்டிதான் வின்டேஜ் என்று 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அவற்றுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி நம்பர் உண்டு. என் வண்டிக்கு அந்தப் பெருமை கிடைக்காது. பதினைந்து வயது தாண்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய சாதாரணக் கிழட்டு வண்டிகளின் வரிசைதான்.

ஆசை என்னவோ பழையது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வளர்ந்த பையன்களுக்கு எழுபதுகளில் பீச் ரோடுதான் உலகம். அங்கே சில சமயம் அயல்நாட்டு நம்பர் பிளேட்டோடு வேன்கள் நிற்கும். ஐரோப்பாவில் கிளம்பி துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரை மார்க்கமாகவே வந்தவை. 1969இல் பாரிசிலிருந்து ஒரு கூட்டமே இப்படி வண்டி கட்டிக்கொண்டு கிளம்பி, அக்டோபரில் ஆரோவில் வந்து சேர்ந்தது. அந்தச் செம்மண் பொட்டலில் அவர்கள் குடியேறிய இடம்தான் ஆஸ்பிரேஷன். 1979இல் ஈரானில் புரட்சி, வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை என்று ஆனபின் அந்த வழி அடைபட்டது. பீச் ரோட்டில் வேன்களும் நின்றுபோயின. அதற்கு முன்னால் ஒரு நாள், பின்கதவு திறந்திருந்த வேனுக்குள் ஒரு வெள்ளைக்கார அம்மா ஸ்டவ் பற்ற வைத்து முட்டை பொரித்துக்கொண்டிருந்ததை நானும் என் தம்பியும் வாய் பிளந்து பார்த்தோம். வீட்டில் சொன்னால் யாரும் நம்பவில்லை.

பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த முட்டை வாசனை திரும்ப வந்தது. வில்லியனூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் டயர் புதைந்து நின்ற மெட்டடோரை வாங்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். “இவருக்கு இப்ப கேரவன் கேக்குது. எந்தப் படத்துல ஹீரோன்னு கேளுங்க” என்று என் மனைவி தெருவுக்கே சொன்னாள்.

புதுச்சேரியில் இரும்பு வைத்திருக்கும் எல்லாருக்கும் எதிரி ஒன்றுதான். வைத்திக்குப்பத்திலிருந்து வம்பாகீரப்பாளையம் வரை கடலோரத் தெருக்களில் நடந்து ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாலே தெரியும். உப்புக் காற்றில் வருகிற குளோரைடு, ஈரத்தை இரும்பின் மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால்தான் பெயின்ட் கொப்பளமாக எழும்புகிறது. நாம் கொப்பளத்தைப் பார்க்கும்போது அடியில் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். வேனில் இதற்கென்றே அமைந்த இடம் ஒன்று உண்டு. பக்கச் சுவருக்கு அடியில், கதவுக்குக் கீழே, தகரத்தைப் பெட்டியாக மடித்து வெல்டு வைத்த நீளமான பகுதி. உள்ளே வெற்றிடம். அதற்குள் புகும் தண்ணீர் வடிய அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். நாற்பது வருடத்தில் பெயின்டர் மாற்றிப் பெயின்டர் வந்து அந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. அந்தப் பெட்டி உள்ளிருந்து வெளிப்பக்கமாக அழுகிக்கொண்டு வரும்.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் ரகசியம் ஏதும் இல்லை. சீட்டு, மேட்டு, தரைப் பலகை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி நாலு மூலையிலும் முட்டுக் கொடுத்து அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி, வெள்ளையாகத் தகரம் தெரிகிற வரை தேய்க்க வேண்டும். ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றி நல்ல தகரம் வருகிற வரை வெட்டியெடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டு பிடித்து, அதைச் சமமாக்கி, பிரைமர் அடித்து, காயவிட்டு, மறுபடி அடித்து, பெட்டிக்குள்ளே மெழுகு பீய்ச்ச வேண்டும். போல்ட்டுகள் தனிக் கதை. டீசலில் ராத்திரி முழுக்க ஊறவைத்துக் காலையில் ஸ்பேனர் போட்டால் தலை மட்டும் கையோடு வரும். மிச்சத்தை டிரில் போட்டுத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். இப்படி ஒரு போல்ட்டுக்கு அரை நாள் போகும். துரு தூளாகக் கண்ணில் விழும், மூக்கில் ஏறும், கழுத்து மடிப்பில் வேர்வையோடு குழையும். ஒரு நாள் முழுக்கப் படுத்துத் தேய்த்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இடம் சுத்தமாகும். எழுந்து பார்த்தால் வண்டி நேற்று நின்ற மாதிரியேதான் நிற்கும். தெருவில் போகிறவர் “என்ன சார், இன்னும் ஆரம்பிக்கலையா?” என்பார்.

அந்தக் கேள்வி என்னை அடித்துப் போட்டது. ஒரு தட்டு அளவுக்குத் தேய்த்துவிட்டு, டீ குடிக்க எழுந்தவன் மறுபடி அடியில் படுக்கவே இல்லை.

அதற்குப் பதிலாக என்னென்ன செய்தேன் என்று சொல்கிறேன். மேலே கிரீம், கீழே நம் ஊர் பிரெஞ்சுத் தெருச் சுவர்களின் அந்த மஞ்சள் என்று கலர் முடிவு செய்தேன். இதற்கே பல வாரம். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் அலைந்து எனாமல் குவளைகளும் ஒரு பித்தளை விளக்கும் வாங்கினேன். ஜன்னல்களுக்குத் திரை தைத்தேன். தேக்குப் பலகையில் மடக்குக் கட்டில், அடியில் சாமான் பெட்டி, சின்ன சிலிண்டருக்கு ஒரு மூலை. எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைக்கும்படி செய்தேன். காரணம், வண்டியின் மூல அமைப்பை மாற்றிவிட்டுப் பதிவு கேட்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்துக்குப் பயந்தேன் என்று இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். பிரேக்கையும் ஒழுங்காகச் செய்தேன். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர் கப்புகள், குழாய்கள், ஹோஸ் எல்லாம் புதுசு. அங்கே என் உயிர் சம்பந்தப்பட்டிருந்தது, கை தானாக ஓடியது.

சோம்பேறி என்று என்னைத் திட்டிக்கொண்டால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் நான் சோம்பேறி இல்லை. கதவுக் கைப்பிடிகளின் குரோமுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நடுச்சாமம் வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் அலுப்பான வேலைதான். ஆனால் காலையில் யாராவது அதைப் பார்ப்பார்கள். யாரும் பார்க்காத வேலையில் எனக்குக் கை ஓடாது. பாங்கிலும் அப்படித்தான் இருந்தேன். கவுன்டரில் வருகிறவர்களிடம் என்னைப் போல் பேச ஆள் கிடையாது. பின்னறையில் மாதக்கணக்காகப் பொருந்தாமல் கிடக்கும் கணக்குகளை உட்கார்ந்து சரிபார்ப்பது என்றால் ஜூனியர் பையன் தலையில் கட்டுவேன். ஆய்வுக்கு ஆள் வருகிற வாரம் அந்தப் பையனுக்குத் தலைவலி மாத்திரையும் நான்தான் வாங்கிக் கொடுப்பேன். பாசக்காரன் என்று பெயர்.

ஊர் மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு நான் கற்றிருக்க வேண்டும். பீச் ரோட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் ஒரு நாள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதற்கு முதல் நாள் வரை கடற்கரையில் நடந்தவர்களுக்கு அதன் தூண்களும் முகப்பும் தெரிந்தன. பிறகு உலக வங்கி உதவியோடு பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டினார்கள். இன்றைக்கு அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறவர்களில் நானும் ஒருவன். என் வேனையும் அதன் பக்கத்தில் நிறுத்தி, அதிகாலையில், எடுத்திருக்கிறேன். அழகான படம்.

இனி டிங்கர் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப் போவதில்லை. அந்தப் பெயருக்கு நான் செய்தது போதும். மேட்டுப்பாளையம் பக்கம் பட்டறை. வண்டியைக் கொண்டுபோய் விட்டதும் அவர் கலரைப் பற்றியோ கட்டிலைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. கோணியை விரித்து அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே குத்திக்கொண்டே போனார். இடது பக்கப் பெட்டியில் குத்தியபோது ஸ்க்ரூடிரைவர் பிடி வரை உள்ளே போனது. வெளியே இழுத்ததும் பொடி கொட்டியது. அதைக் கையில் பிடித்து எனக்குக் காட்டினார்.

“சார், உள்ள ஒண்ணும் இல்ல. பெயின்டுதான் நின்னுட்டு இருக்கு.”

“என்ன பண்ணலாம் பாய்?”

“அறுத்துட்டுப் புதுத் தகரம் வைக்கணும். இந்தப் பக்கம் முழுசா, அந்தப் பக்கம் பாதி. முன்கண்ணாடிய எறக்கி அடி ஃபிரேமையும் பாக்கணும். ரெண்டு மாசம் வண்டி இங்கயே நிக்கட்டும்.”

“பட்டி வெச்சு ஒப்பேத்த முடியாதா?”

“அழுகின பல்லு மேல தங்கம் கட்டாதீங்க சார்.”

பணம் ஒரு பிரச்சினை இல்லை. ஓய்வுப் பணம் கையில் இருந்தது. பொங்கலை ஒட்டி ஒரு பழைய வாகனச் சந்திப்பு இருந்தது. என்னைப் பேசவும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு மாதம் காத்திருந்தால் அது போய்விடும். நான் கெஞ்சினேன், பிறகு கொஞ்சம் அதட்டினேன். “சொன்னதைச் செய்யுங்க பாய், வண்டி என்னுது” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “செய்யறேன். ஆனா நான் செஞ்சதுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க சார். பட்டறை பேரு போயிடும்.”

சரி என்று தலையாட்டினேன்.

பட்டி ஒன்றும் கெட்ட பொருள் இல்லை. சுத்தமான தகரத்தில் சின்ன நெளிவை நிரப்ப மெல்லிசாக இழுத்தால் வருடக்கணக்கில் நிற்கும். பாலியெஸ்டர் பிசினும் டால்க் மாவும் சேர்ந்த பசை. ஹார்டனரைக் கலந்தால் சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். துருவின் மேல் அப்பினால் ஈரத்தை உள்ளேயே வைத்துக் காப்பாற்றி, துருவுக்குச் சோறு போடும். என் வண்டியின் ஓட்டைகளில் கொசுவலைக் கம்பியைத் திணித்து அதன் மேல் பட்டி ஏறியது. வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, சர்ஃபேசர் அடித்து, மஞ்சள் அடித்ததும் நானே தொட்டுப் பார்த்து நம்பிவிட்டேன். அவ்வளவு சுத்தமான கை அவருக்கு.

பொங்கல் சந்திப்பில் பேசினேன். தலைப்பு: பழைய வண்டியும் பொறுமையும். சிரிக்க வேண்டாம், தலைப்பைக் கொடுத்தது அவர்கள்தான், ஆனால் பேசியது நான்தான். திரையில் முன்னும் பின்னுமாகப் படங்கள் காட்டினேன். அடித்தரை என்று ஒரு படம் வந்தது. பளபளவென்று வெள்ளைத் தகரம். நான் தேய்த்த அந்தச் சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தைப் பக்கத்தில் போய் எடுத்த படம். திரை முழுக்க அது நிறைந்திருந்தபோது பார்த்தவர்களுக்கு வண்டியின் அடி முழுக்க அப்படித்தான் இருக்கிறது என்று தோன்றியிருக்கும். தோன்ற வேண்டும் என்றுதான் அப்படி எடுத்தேன். ஒரு கல்லூரிப் பையன் எழுந்து, அடியில் படுத்து வேலை செய்யும்போது சலிப்பு வராதா சார் என்று கேட்டான். அதுவே ஒரு தியானம் தம்பி என்றேன். கை தட்டினார்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வேன் வாசலிலேயே நின்றது. நீர் வடிந்த பிறகு கதவைத் திறந்தேன். முன்கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து ஒழுகிய தண்ணீர் மேட்டுக்கு அடியில் குளமாக நின்றது. கண்ணாடி ரப்பரை மாற்ற வேண்டும் என்று பாய் சொன்னதையும் நான் செய்யவில்லை. ரப்பர் வெளியே தெரிகிற பக்கத்துக்கு மட்டும் கறுப்புப் பாலிஷ் போட்டிருந்தேன். சில வாரத்தில் இடது பக்கம் முழுக்க மஞ்சள் பெயின்ட் உப்பியது. ஒரு காலையில் உள்ளங்கை அளவு பட்டி தானாகப் பெயர்ந்து தெருவில் விழுந்தது. உள்ளே கொசுவலைக் கம்பி தெரிந்தது.

எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். பாரிசில் பல வருடம் இருந்துவிட்டு வந்த மனிதர், எதையும் குனிந்து பார்த்துக் கேள்வி கேட்பார். “என்ன சார் இது, கம்பி வலை தெரியுது?”

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “டிங்கர் ஏமாத்திட்டான் சார்.”

இத்தனை நாள் பாய், பாய் என்று மரியாதையாகக் கூப்பிட்ட வாய்தான். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது என்று எழுதலாம். ஆனால் அன்று சாயங்காலம் டீக்கடையில் யோசித்தே சொன்னேன். அடுத்த வாரம் பழைய வண்டிக்காரர்கள் கூடிய இடத்தில் இன்னும் விரிவாகச் சொன்னேன். தகரம் வைக்கச் சொல்லிக் காசு கொடுத்தேன், பட்டியைப் பூசி ஏமாற்றிவிட்டான் என்றேன். எந்தப் பட்டறை என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர் என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். அங்கே இருந்த ஒருவர் தன் பத்மினி காரை அதே பாயிடம் விடுவதாக இருந்தார். கேட்டுவிட்டுக் கடலூருக்குக் கொண்டுபோனார். கதவுகள் நாலும், தரையும். பாய்க்கு வாரக்கணக்கில் வேலை. அதைப் பிடுங்கிக்கொண்டு நான் என்ன சம்பாதித்தேன் என்று கேட்டால், “பாவம் சார் நீங்க” என்று அன்றைக்கு நாலு பேர் சொன்னார்கள்.

அதற்குப் பிறகாவது வெட்டிப் புதுத் தகரம் வைத்தேனா? இல்லை. பட்டி டப்பா வாங்கிவந்து நானே பூசினேன். முதல் முறை பாய் கை, இரண்டாம் முறை என் கை. துருவைத் தட்டி உதிர்த்துவிட்டு ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்தேன், மேலே பட்டி, மேலே மஞ்சள். கொஞ்சம் அலை அலையாகத்தான் வந்தது. வெயில் சாய்வாக விழும்போது தெரியும். ஆகவே வாங்க வருகிறவர்களை உச்சி வெயிலில் வரச் சொன்னேன்.

வந்தவன் நல்ல பையன், கோயம்புத்தூர்ப் பக்கம். மனைவியும் சின்னக் குழந்தையும். என்னை அங்கிள் என்றுதான் கூப்பிட்டான். “அடியில எல்லாம் ஓகேவா அங்கிள்?” என்று கேட்டான். “ரெட் ஆக்சைடு ரெண்டு கோட் நானே அடிச்சிருக்கேன் தம்பி” என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எதன் மேல் அடித்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவன் என் பொறுமைப் பேச்சின் வீடியோவை ஏற்கெனவே பார்த்திருந்தான். அதைப் பார்த்துத்தான் வந்தேன் என்றான். பேரம்கூடப் பேசவில்லை.

ஒரு நாள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். வால்பாறையில் ஏதோ தேயிலைத் தோட்டத்து ஓரம். நான் செய்த மடக்குக் கட்டிலில் குழந்தை தூங்குகிறது. கட்டில் இடது சுவரை ஒட்டியது. அந்தச் சுவர் நிற்பது அழுகிப்போன அந்தத் தகரப் பெட்டியின் மேல். பக்கத்திலிருந்து எதுவும் வந்து மோதினால் முதலில் தாங்க வேண்டியது அதுதான். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

போன் போட்டேன். “தம்பி, இடது பக்கம் அடியில் கொஞ்சம் துரு இருக்கு, ஒரு டிங்கர்கிட்ட காட்டிடு” என்றேன். கொஞ்சம் என்று சொன்னேன். “நீங்க யார்கிட்ட அங்கிள் வேலை கொடுத்தீங்க?” என்று கேட்டான். “இங்க ஒரு ஆளு… சரியா செய்யல” என்றேன். நான் கேட்டதால்தான் அவர் அப்படிச் செய்தார் என்ற ஒரே வாக்கியம் வாயில் வரவில்லை. ஒப்புக்கொள்வதற்காகப் போட்ட போனிலும் பட்டிதான் பூசினேன். பரவாயில்லை அங்கிள், பாத்துக்கறேன் என்று அவன் வைத்துவிட்டான்.

அவனுக்கு இந்த எழுத்தை அனுப்பப் போகிறேன். போனில் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன், தம்பி. கொஞ்சம் இல்லை. இடது பக்கப் பெட்டி முன்சக்கர வளைவிலிருந்து பின்சக்கர வளைவு வரை முழுக்கப் போய்விட்டது. வலது பக்கம் கதவுக்குக் கீழே பாதி. கட்டிலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு மேட்டை உரித்தால், சுவரோரத் தரையில் சதுரமாக ஒரு தகரம் ஒட்டியிருக்கும். அது வெல்டு இல்லை, பிசின். அதற்குக் கீழே ஓட்டை. முன்கண்ணாடியின் அடி ஃபிரேம் இடது மூலையில் கம்பி வலை வைத்துப் பட்டி பூசியிருக்கிறது, அதைப் பூசியது நான். கண்ணாடியை இறக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. பழைய ரப்பரைக் காப்பாற்றப் பார்க்காதே. கத்தியால் உள்பக்கம் சுற்றி அறுத்துவிட்டு, இரண்டு பேராகக் கண்ணாடியை வெளிப்பக்கம் தள்ளி எடுக்க வேண்டும். புது ரப்பர் வாங்குவதற்கு முன் பழையதில் ஒரு துண்டு வெட்டி மாதிரிக்குக் கையோடு கொண்டுபோ. மெட்டடோர் ரப்பர் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதெல்லாம் பொருந்தாது. பெட்டியைப் புதிதாகக் கட்டும்போது அடியில் நீர் வடியும் ஓட்டைகள் போடச் சொல். பெயின்ட் அடித்து முடித்ததும் ஒரு கம்பியை விட்டு அவை திறந்திருக்கின்றனவா என்று நீயே பார். பில் எனக்கு வரட்டும்.

பட்டறை தேடி அலைய வேண்டாம். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு பாய் இருக்கிறார், நம்பர் அனுப்புகிறேன். வண்டியை முதல் நாள் குத்திப் பார்த்தபோதே இதையெல்லாம் சொன்னவர் அவர்தான். என் பெயரைச் சொன்னால் வேலையை எடுத்துக்கொள்ளமாட்டார், சொல்லாதே. வண்டியைப் பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும். இரண்டு மாதம் ஆகும் என்பார். விட்டுவிட்டு ஊருக்குப் போ.